‘எனக்கு ஏறாது’: ஒரு குடும்பத்தின் குடிநோயும் இரு சகோதரர்களின் உணர்திறனும் – ஒரு நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

தென் மாவட்டம் ஒன்றின் மருத்துவமனையில், மனநலப் பிரிவைச் சேர்ந்த குடிநோய் சிகிச்சைக் குழு ஏறத்தாழ எட்டரை ஆண்டுகள் இடைவெளி விட்டு விட்டுச் சந்தித்த ஒரு குடும்பத்தைப் பற்றிய பதிவு இது. சம்பந்தப்பட்ட இரு சகோதரர்களும் அவர்களுடைய தாயாரும் இதை எழுத ஒப்புதல் அளித்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மருத்துவ விவரங்களில் மாற்றமில்லை. குழுவின் தவறுகளும், குறிப்பாக என்னுடைய தவறும், நடந்தவாறே எழுதப்பட்டுள்ளன.

2016: தந்தையின் மூன்றாம் இரவு

கொத்தனாராக வேலை செய்துவந்த 52 வயதான ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து எலும்பு சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். சேர்க்கும்போது குடிப்பழக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ‘எப்பவாவது’ என்ற வழக்கமான பதில்தான் வந்திருக்கும். மூன்றாம் நாள் இரவு அவர் படுக்கை விரிப்பின் மேல் இல்லாத கரண்டியால் இல்லாத கலவையைப் பூசத் தொடங்கினார். பூசிய இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைச் சித்தாள் என்று நினைத்து, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அதட்டினார். உடல் வியர்த்துக் கொட்டியது, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 130-ஐத் தாண்டியது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்துவந்தவருக்குச் சட்டென்று மது நின்றுபோனால் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வரக்கூடிய மனக்குழப்ப நிலை இது. செய்து பழகிய தொழிலையே கை தானாகச் செய்துகொண்டிருப்பதை இந்நிலையில் அடிக்கடி பார்க்கிறோம்.

எங்கள் குழு அழைக்கப்பட்டது. நரம்புக் கிளர்ச்சியை அடக்கும் லோராசெபாம் ஊசியும், வைட்டமின் பி1 ஆகிய தயாமின் ஊசியும் கொடுக்கப்பட்டு நான்கு நாட்களில் அவர் தெளிந்தார். அதன் பிறகு குடும்பத்தினரை உட்கார வைத்துப் பேசினோம். இந்த ஆய்வு உண்மையில் அந்தப் பேச்சிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு வெளிநோயாளிச் சீட்டின் பின்பக்கம்

குடும்ப வரலாறு கேட்கும்போது நான் ஒரு வரைபடம் போட்டுக்கொள்வது வழக்கம். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், குடியால் பாதிக்கப்பட்டவரின் கட்டத்தைப் பேனாவால் கறுப்பாக நிரப்பிவிடுவேன். அன்று தாள் கிடைக்காமல் ஒரு வெளிநோயாளிச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்தேன்.

தந்தையின் தந்தை குடித்தே இறந்தவர். தந்தையின் அண்ணனும் அப்படியே. தந்தை மணந்திருந்தது சொந்த அக்காவின் மகளை. ஆகவே தாயாரின் தந்தை இவருக்கு அத்தான் முறை, அவரும் தினக்குடிகாரர். இந்தத் திருமண உறவால் அந்தப் பெரியவர், அதாவது தந்தையின் தந்தை, பிள்ளைகளுக்குத் தகப்பன் வழியில் தாத்தாவாகவும், தாய் வழியில் பூட்டனாகவும் இரு கோடுகளின் மேல்முனையிலும் நின்றார். படத்தில் இருந்த மூத்த ஆண்கள் ஐவரில் நால்வரின் சதுரங்கள் கறுத்திருந்தன. தாயாரின் தம்பி ஒருவருடைய சதுரம் மட்டுமே வெள்ளையாக இருந்தது.

கீழ்வரிசையில் இரு மகன்கள். மூத்தவருக்கு அப்போது 23 வயது, ஐ.டி.ஐ. முடித்துப் பட்டறை ஒன்றில் ஃபிட்டராக இருந்தார். இளையவருக்கு 19, பாலிடெக்னிக்கில் அச்சுத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் அப்படி ஆகிவிடுவார்களா என்று தாயார் கேட்டார். பொதுவாகக் கேட்ட கேள்வி அல்ல, மூத்தவரைக் குறிப்பிட்டே கேட்டார். ஒரு நண்பரின் திருமணத்தில் மூத்தவர் இரண்டு பெக் குடித்துவிட்டு, முகமும் காதும் கொதித்து, நெஞ்சு படபடத்து, மண்டபத்து வாசலிலேயே வாந்தி எடுத்து, மறுநாள் மாலை வரை எழுந்திருக்கவில்லை. ஊரே பார்த்தது. “பெரியவனுக்கு உடம்பு தாங்கல, அவனை நினைச்சாத்தான் சார் பயமா இருக்கு. சின்னவன் என்னைக்காவது குடிச்சிட்டு வந்தாலும் முகத்துலயே தெரியாது, ஸ்டெடியா இருப்பான்” என்றார். இளையவர் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. அன்று அதற்கு நான் எந்தப் பொருளும் கொள்ளவில்லை.

அன்று எடுத்த முடிவு

மூத்தவரைத் தனியே அழைத்து அரை மணி நேரம் பேசினேன். பரம்பரையில் இந்த நோய் இருக்கிறது, உங்கள் உடலும் ஏற்கவில்லை, தொடவே தொடாதீர்கள் என்றேன். அவர் ஏற்கெனவே அந்த முடிவுக்கு வந்திருந்தார். இளையவரிடம் ‘படிப்பைப் பார், அப்பாவைப் பார்த்தாய் அல்லவா’ என்ற அளவில் இரண்டு நிமிடம் பேசியதோடு சரி. வரைபடத்தில் மூத்தவரின் சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டேன். இளையவரின் சதுரம் வெறுமையாக விடப்பட்டது.

இந்த முடிவுக்கு அன்று என்னிடம் இருந்த காரணம் எளியது. கண்ணெதிரே உடல் துன்பத்தைக் காட்டியவர் மூத்தவர். குடும்பத்தின் கவலையும் அவரைச் சுற்றியே இருந்தது. கவலை எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேயே ஆபத்தும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் படித்திருந்ததோ இதற்கு நேர்மாறானது. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சான் டியேகோவில் மார்க் ஷக்கிட் என்ற மனநல மருத்துவர் தொடங்கிய ஆய்வில், குடிநோயாளிகளின் மகன்களான இளைஞர்களுக்கும், அத்தகைய குடும்ப வரலாறு இல்லாத இளைஞர்களுக்கும் அளவிட்ட மது கொடுக்கப்பட்டது. இரத்தத்தில் மதுவின் அளவு இரு தரப்பிலும் ஒரே மாதிரி இருந்தபோதும், மகன்களில் பலர் தங்களுக்குப் போதை குறைவாகவே தெரிவதாகச் சொன்னார்கள். நிற்கும்போது உடல் ஆடுவதும் அவர்களிடம் குறைவாக இருந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து 223 பேரைத் தொடர்ந்து பார்த்து 1994-இல் முடிவு வெளியானது. குடிநோயாளிகளின் மகன்களில், இளம் வயதில் போதை குறைவாகத் தெரிந்தவர்களில் 56 விழுக்காட்டினர் பின்னாளில் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். போதை நன்றாகத் தெரிந்தவர்களில் அது 14 விழுக்காடு. முதுகலைத் தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த எண்கள் இவை. எதிரே அமர்ந்து சிரித்த பத்தொன்பது வயதுப் பையனோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

இடைப்பட்ட ஆறு ஆண்டுகள்

2018-இல் தந்தை கல்லீரல் சுருக்க நோயால் இரத்த வாந்தி எடுத்து இறந்தார். மூத்தவர் திருமணம் செய்துகொண்டார், ஒரு மகன் பிறந்தான். இளையவர் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து, மூன்றே ஆண்டுகளில் நாலு கலர் இயந்திரத்தின் ஆபரேட்டர் ஆனார். தொழிலில் நல்ல பெயர். அவரது குடியின் வளர்ச்சியைப் பின்னாளில் அவரே சொன்னதிலிருந்து தொகுக்க முடிந்தது.

முதன்முதலில் குடித்தது 17 வயதில், சட்டப்படி மது வாங்கும் 21 வயதை எட்டுவதற்கு வெகு முன்னால். நான்கு நண்பர்கள் சேர்ந்து குடித்ததில் மற்ற மூவரும் மட்டையாகிவிட, இவர்தான் அவர்களை ஒவ்வொருவராகச் சைக்கிளில் வைத்து வீட்டில் விட்டார். அன்றிலிருந்து நண்பர் வட்டத்தில் அவருக்கு ஒரு பதவி கிடைத்தது: கடைசி வரை தெளிவாக இருப்பவர், வண்டி ஓட்டுபவர், பில்லைச் சரிபார்ப்பவர். கூட இருந்தவர்கள் ஒரு கட்டிங்கில், அதாவது அரைக் குவார்ட்டரில், அடைந்த இடத்தை அவர் ஒரு குவார்ட்டரில் அடைந்தார். அந்த இடமும் தள்ளிப்போகத் தள்ளிப்போக, இவருக்கு ஈடுகொடுக்க முடியாதவர்கள் விலகி, ஈடுகொடுக்க முடிந்தவர்கள் மட்டும் எஞ்சினார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அவரைச் சுற்றி இருந்தவர்கள் அனைவருமே பெருங்குடிகாரர்கள். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தம் அளவு அவருக்கு எப்போதும் இயல்பாகவே தெரிந்தது.

2021-இல் ஓர் இரவு வாகனச் சோதனையில் போலீசார் ஊதச் சொன்னார்கள். கருவி காட்டியது 100 மில்லி லிட்டர் இரத்தத்துக்கு 148 மில்லிகிராம். சட்டம் அனுமதிப்பது 30. நிதானமாகப் பேசி, நேர்கோட்டில் நடந்து காட்டிய இவரைப் பார்த்து, கருவிதான் தவறோ என்று அவர்கள் மீண்டும் ஒருமுறை ஊதச் சொன்னார்களாம். நீதிமன்றத்தில் அபராதம் கட்டினார். அந்தக் கருவி அச்சிட்டுத் தந்த சிறிய சீட்டைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு நண்பர்களிடம் பெருமையாகக் காட்டிவந்தார். இந்தச் சீட்டு பின்னால் மீண்டும் வருகிறது.

2022-இன் நடுப்பகுதியில் நாளுக்கு மூன்று குவார்ட்டர். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட சரக்கில் அது ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால். அதாவது நாளுக்கு 180 கிராம் அளவில். காலையில் கை நடுங்கிப் பிளேட்டை இயந்திரத்தில் மாட்ட முடியாமல் போகவே, முந்தைய இரவே ஒரு கட்டிங்கைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மிச்சம் வைக்கும் வழக்கம் வந்தது. அதைக் குடித்த பிறகு கலர் ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, மயிரிழை பிசகாமல் விழும் என்று பின்னாளில் என்னிடம் வாதாடினார். அது பொய்யல்ல. குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டவர், குடித்தும் கை நிற்கிறதே என்று அதைத் திறமையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 2022: கடை மூடிய ஒரு நாள்

காந்தி ஜயந்திக்கு மதுக்கடைகள் மூடியிருக்கும். காலண்டர் சீசன் வேலைப் பளுவில் இளையவர் முன்கூட்டியே வாங்கி வைக்க மறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை மிச்சம் இருந்த ஒரு கட்டிங்தான் கடைசி. திங்கள் விடியற்காலை, அது நடந்து ஒரு நாள்கூட நிறைவதற்குள், வீட்டுத் திண்ணையில் வலிப்பு வந்து விழுந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். மூத்தவர் ஆட்டோவில் தூக்கிவந்தார்.

சேர்த்தபோது வயது 25. தலை ஸ்கேனில் குறை எதுவும் இல்லை. கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்தன: ஏ.எஸ்.டி. 142, ஏ.எல்.டி. 68, காமா ஜி.டி. 310. சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் கூடியிருந்தது. குடிப்பழக்கத்தின் தீவிரத்தை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் வினாப்பட்டியலில் 40-க்கு 28 மதிப்பெண். லோராசெபாம், தயாமின், நீரிழப்புக்குத் திரவம் என வழக்கமான சிகிச்சை. ஒன்பது நாள் படுக்கை. மீண்டும் வலிப்பு வரவில்லை.

பழைய கோப்பைத் தேடி எடுக்கச் சொன்னேன். தந்தையின் கோப்பு கிடைத்தது, உள்ளே நான் வரைபடம் போட்ட அந்த வெளிநோயாளிச் சீட்டும் இருந்தது. கேள்விக்குறி போட்ட சதுரத்துக்கு உரியவர் எனக்கு எதிரே, ஆறு ஆண்டுகளாக ஒரு சொட்டுக்கூடத் தொடாமல், தம்பியின் துணிப்பையை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார். வெறுமையாக விட்ட சதுரத்துக்கு உரியவர் உள்ளே வார்டில் படுத்திருந்தார்.

‘எவ்வளவு குடித்தபோது தெரிந்தது?’

பத்தாம் நாள், இளையவர் தெளிவாக இருந்த நிலையில், இரு சகோதரர்களிடமும் தனித்தனியே ஒரே கேள்விகளைக் கேட்டோம். மதுவின் விளைவைத் தாமே மதிப்பிட்டுச் சொல்வதற்கு ஷக்கிட் குழுவினர் உருவாக்கிய எளிய படிவத்தின் அடிப்படையில் அமைந்தவை அவை. முதன்முதலாகக் குடித்த சுமார் ஐந்து தடவைகளில், ஏதோ வித்தியாசம் தெரிய எவ்வளவு தேவைப்பட்டது, தலை சுற்றவோ நாக்குக் குழறவோ எவ்வளவு, நடை தள்ளாட எவ்வளவு, நினைக்காமலே தூங்கிப்போக எவ்வளவு. நேராத விளைவை விட்டுவிட்டு, மற்றவற்றின் சராசரியை எடுக்க வேண்டும். அதே கேள்விகள் கடந்த மூன்று மாதங்களுக்கும், மிக அதிகமாகக் குடித்த காலத்துக்கும் கேட்கப்படும் என்றாலும், இங்கே முக்கியமானது முதல் ஐந்து தடவைகள்தான். உடல் பழகிப்போய்த் தாங்குவது வேறு, பழகுவதற்கு முன்பே தாங்குவது வேறு.

ஒரு ஸ்மால், அதாவது 30 மில்லி, ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால். அதை ஓர் அலகாகக் கொண்டோம். மூத்தவருக்கு ஓர் அலகில் காது சூடேறியது, இரண்டில் தலை சுற்றியது, மூன்றில் தூங்கிப்போனார். தள்ளாடும் கட்டம் வருமுன்னே வாந்தி வந்துவிடும். சராசரி 2. இளையவருக்கு மூன்று அலகில்தான் ஏதோ தெரிந்தது, ஆறில் நாக்கு சற்றே குழறியது, ஒன்பதில் நடை தள்ளாடியது, தூங்கிப்போனது இல்லை. சராசரி 6. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே குடிகாரத் தந்தையைப் பார்த்த இருவருக்கிடையில் மூன்று மடங்கு வேறுபாடு.

இந்த எண்களை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. எட்டு ஆண்டுகளுக்கு முன் குடித்ததை நினைவிலிருந்து சொல்கிறார்கள். இளையவருக்குத் தம் ‘கெப்பாசிட்டி’ பற்றிப் பெருமை உண்டு, மூத்தவருக்கு அந்த மண்டபத்து அவமானம் நினைவில் பெருத்திருக்கலாம். ஆனால் அவர்களைப் பற்றி 2016-இல் தாயார் சொன்னதும் இதுவேதான், அப்போது அவருக்கு எதையும் கூட்டிச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

மூத்தவரின் உடல் ஏன் அப்படி எதிர்க்கிறது என்பதற்கான பரிசோதனை எதுவும் செய்யப்படவில்லை. மது கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாகவும், பிறகு தீங்கற்ற அசிட்டேட்டாகவும் மாறுகிறது. இரண்டாம் படியைச் செய்யும் நொதி பிறவியிலேயே மந்தமாக இருந்தால் நச்சு தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். சீனா, ஜப்பான், கொரியா நாட்டவரில் இந்த மரபணு மாற்றம் மிகப் பரவலாக உண்டு. அவர்களில் பலரைக் குடிநோயிலிருந்து காப்பதும் இதுவே. நம் நாட்டில் அது அரிது என்பதால் மூத்தவருக்கு அதுதான் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை.

சிகிச்சை முடிவுகள்

தாயார் கேட்டது ஒன்றே ஒன்று: குடித்தால் வாந்தி வரும் மாத்திரை. டைசல்பிராம் என்ற அந்த மருந்து, மேலே சொன்ன அதே நொதியைத்தான் முடக்குகிறது. நாங்கள் மறுத்தோம். கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்தன, சமீபத்தில் வலிப்பு வந்திருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளி அதை விரும்பவில்லை. குடித்தால் என்ன ஆகும் என்று முழுதாகத் தெரிந்து, தாமே ஒப்புக்கொண்டு, குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் ஆன பிறகே தொடங்க வேண்டிய மருந்து அது. மறுப்பதற்கான காரணங்களை இளையவரிடம் விளக்கினோம். தாயாரிடம் ‘அது இப்போது வேண்டாம்மா’ என்று மட்டும் சொன்னோம். இந்தச் சுருக்கம் பின்னால் விலை கேட்டது.

இரண்டு வாரத்தில் நொதிகள் இறங்கியதும் நால்ட்ரெக்சோன் தொடங்கப்பட்டது. முதலில் 25 மில்லிகிராம், பிறகு 50. குடிப்பதில் கிடைக்கும் இன்பத்தையும் குடிக்கும் ஏக்கத்தையும் தணிப்பது அதன் வேலை. தவறிப்போய்க் குடித்துவிட்டாலும் உடலைத் தண்டிக்காது என்பதும், நாளுக்கு ஒரு மாத்திரை என்பதால் ஷிப்ட் வேலைக்கு ஒத்துவரும் என்பதும் அதைத் தேர்ந்ததற்கான காரணங்கள். ஆலோசனைக்கு வாரம் ஒருமுறை வரச் சொன்னோம். நான்கு முறை வந்தார். டிசம்பரில் காலண்டர் வேலை உச்சத்தை எட்டியதும் வருவதும் நின்றது, மாத்திரையும் நின்றது.

மோரில் கரைத்த மாத்திரை

2023 பொங்கலுக்கு அடுத்த வாரம் இளையவர் மீண்டும் குடிக்கத் தொடங்கியதைத் தாயார் கண்டுபிடித்தார். பக்கத்துத் தெருவில் வேறொருவருக்கு எழுதித் தந்த சீட்டைக் கடன் வாங்கி, டைசல்பிராம் மாத்திரைகளை வாங்கி, தினமும் மதியம் மகனுக்குக் கொடுத்தனுப்பும் மோரில் பொடித்துக் கரைத்தார். ஐந்தாம் நாள் மாலை ஒரு கட்டிங் குடித்த இருபதாவது நிமிடம் இளையவருக்கு முகமும் மார்பும் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, அடக்க முடியாத வாந்தி. அவசரப் பிரிவுக்கு வந்தபோது இரத்த அழுத்தம் 80/50, நாடி 138. மாரடைப்பா, கலப்படச் சாராயமா என்று பணியில் இருந்தவர்கள் இரு திசையிலும் ஓடினார்கள். தாயார் ஒரு மணி நேரம் பேசவே இல்லை. பிறகு செவிலியர் ஒருவரைத் தனியே கூப்பிட்டு, சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரை அட்டையை அவிழ்த்துக் காட்டினார்.

சிரை வழித் திரவமும் கண்காணிப்புமாக ஒரு நாளில் உடல் மீண்டது. இதயத் துடிப்பு சீர்குலைந்து உயிரே போயிருக்கக்கூடிய நிலை அது. மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் விளைவு உடலில் இருக்கலாம் என்பதால், அந்தக் காலத்தில் ஒரு வாய்கூடக் குடிக்கக்கூடாது என்று இளையவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்வதற்கு உண்மையையும் சொல்ல வேண்டியிருந்தது. தாயாரின் முன்னிலையில் சொன்னோம். தாயார் அழவில்லை. “பெரியவனுக்குச் சாமி குடுத்துச்சு, சின்னவனுக்குக் குடுக்கல. அதான் நான் குடுத்தேன்” என்றார்.

மருத்துவமாகப் பார்த்தால் இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது. மூத்த மகனின் உடலில் இயல்பாக இருந்த தடையை இளைய மகனின் உடலில் மாத்திரையால் உண்டாக்க முயன்றிருக்கிறார். பிழையெல்லாம், அதை அவருக்குத் தெரியாமல் செய்ததில் இருந்தது. தம் உடலில் என்ன நடக்கிறது என்று தெரியாத ஒருவர், ஒரு கட்டிங்கில் அடங்காத அந்த நிலையைப் போக்க இன்னொரு குவார்ட்டரை நாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இளையவர் வீட்டை விட்டு வெளியேறி அச்சகத்தின் பேப்பர் கிடங்கில் தங்கினார். வீட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அடுத்த ஐந்து மாதங்கள் எங்கள் பதிவேட்டில் எதுவும் இல்லை.

ஜூன் 2023: பர்ஸில் இருந்த சீட்டு

மூத்தவர்தான் மீண்டும் அழைத்துவந்தார். இம்முறை வலிப்பு இல்லை, கை நடுக்கமும் தூக்கமின்மையும். சேர்த்து, மது நிற்கும்போது வரும் விலகல் அறிகுறிகளுக்குச் சிகிச்சை கொடுத்தோம். பேசும்போது இளையவர் பழைய வாதத்தையே எடுத்தார்: தந்தை குடித்தால் தெருவில் விழுவார், தமக்கு ஏறுவதே இல்லை, ஆகவே தம் நிலை வேறு. அத்தாட்சியாகப் பர்ஸிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். வெப்பத்தாளில் அச்சிட்டது ஆகையால் எழுத்து வெளுத்திருந்தது, 148 என்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அவருடைய தொழிலின் மொழியிலேயே பேசிப் பார்த்தேன். இயந்திரத்தில் மை அளவு காட்டும் மீட்டர் பழுதாகி எப்போதும் குறைவாகவே காட்டினால், தாளில் விழும் மை குறையுமா என்று கேட்டேன். குறையாது, கூடத்தான் போகும், ஆபரேட்டர் சாவியைத் திருகிக்கொண்டே இருப்பான் என்றார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. கல்லீரல் பார்த்தது 148, மூளைக்குத் தெரிந்தது அதில் கால்வாசி. இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளிதான் தாத்தாவிடமிருந்து அவருக்கு வந்திருக்கக்கூடிய சொத்து என்று சொன்னேன். குடும்ப வரைபடத்தையும் அன்றுதான் முதன்முறையாக அவரிடம் காட்டினேன். தன் சதுரம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை என்று பதில் சொன்னேன்.

இந்த உரையாடல்தான் திருப்பம் என்று எழுதுவது வசதியாக இருக்கும். உண்மை அவ்வளவு நேர்த்தியானது அல்ல. அச்சக உரிமையாளர் கொடுத்த கடைசி எச்சரிக்கையும், அண்ணன் மகன் சித்தப்பாவைக் கண்டு ஓடி ஒளிந்ததும் அவரை அதே அளவு அசைத்திருந்தன. நால்ட்ரெக்சோன் மீண்டும் தொடங்கப்பட்டது, இம்முறை அண்ணன் கண்முன்னே விழுங்கும் ஏற்பாட்டுடன். மருந்து விஷயத்தில் தாயார் தலையிடுவதில்லை என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். தாயாருக்கு மட்டும் தனியே இரண்டு அமர்வுகள் நடத்தினோம். 2022-இல் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை அப்போதுதான் சொன்னோம்.

இப்போது நாங்கள் மாற்றிக்கொண்டவை

குடிநோயாளி ஒருவர் சேர்க்கப்பட்டால் அவருடைய வளர்ந்த பிள்ளைகள் அனைவரிடமும் தனித்தனியே பேசுகிறோம். ‘குடிப்பீர்களா’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பொய்தான் பதில். ‘முதல் தடவை எவ்வளவு குடித்தபோது தெரிந்தது’ என்றால் இளைஞர்கள் உற்சாகமாக உண்மையைச் சொல்கிறார்கள், ஏனெனில் அது அவர்களுக்குத் திறமையைப் பற்றிய கேள்வியாகப் படுகிறது. மற்றவர்களைவிட அதிகம் தாங்கினேன் என்பவர்களின் பெயர் தனிப் பதிவேட்டில் ஏறுகிறது.

டைசல்பிராம் பற்றி, கேட்டாலும் கேட்காவிட்டாலும், குடும்பத்தில் சமைப்பவர் யாரோ அவரிடம் முதல் நாளே விளக்குகிறோம். மருந்தை மறுத்தால் மறுப்புக்கான காரணத்தையும் அவரிடமே சொல்கிறோம்.

எச்சரிக்கையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். குறைந்த உணர்திறன் ஒரு வழி மட்டுமே. அவசர சுபாவம், மனச்சோர்வு, கையெட்டும் தூரத்தில் கடை, குடிக்காதவனை ஆணாக மதிக்காத நண்பர் வட்டம் என்று வேறு பாதைகளும் உண்டு. 1973-இல் டென்மார்க்கில் டொனால்டு குட்வின் குழுவினர் செய்த ஆய்வில், குடிநோயாளிகளுக்குப் பிறந்து குழந்தையிலேயே வேறு வீட்டில் தத்துக் கொடுக்கப்பட்ட மகன்களிடம் குடிநோய் ஏறத்தாழ நான்கு மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. அப்படியிருந்தும் அந்த மகன்களில் மிகப் பெரும்பாலோர் குடிநோயாளிகள் ஆகவில்லை. மூத்தவரைப் போன்றவர்களுக்கும் அவர்களது உடல் முழுக் காப்பு அல்ல. வாந்தியைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து குடித்துப் பழகியவர்களையும் வார்டில் பார்த்திருக்கிறேன்.

இன்றைய நிலை

இளையவர் அதன் பிறகு இருமுறை சறுக்கினார். 2023 தீபாவளிக்கு மூன்று நாள், 2024 மார்ச்சில் ஒரு திருமணத்தில் ஒரு நாள். இரண்டு முறையும் மறுவாரமே தாமாக வந்து சொன்னார். கடைசியாகப் பார்த்த 2025 பிப்ரவரி வரையிலான பதினோரு மாதங்களில் குடிக்கவில்லை. காமா ஜி.டி. 48-க்கு இறங்கியிருக்கிறது. காலையில் பிளேட் மாட்டும்போது கை நடுங்குவதில்லை. தாயாரின் சமையலை இப்போது சாப்பிடுகிறார். மோரை மட்டும் இன்னும் தொடுவதில்லை.

அந்தப் பிப்ரவரி வருகைக்கு அவர் தனியே வரவில்லை. சித்தியின் மகனை, பாலிடெக்னிக்கில் படிக்கும் 19 வயதுப் பையனை, பைக்கின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். ஓணத்துக்குக் கேரளா போனபோது ஒருமுறையும் விடுதியில் ஒருமுறையுமாக இதுவரை இரண்டு தடவை பீர் குடித்திருக்கிறான். எவ்வளவு குடித்தபோது தெரிந்தது என்று கேட்டேன். அண்ணனை ஒருமுறை பார்த்துவிட்டு, “இன்னும் எதுவும் தெரியல சார்” என்றான். அதை அப்படியே, தேதியுடன், புதிய கோப்பின் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறோம்.